உங்களுக்குத் தெரியுமா? பேர் போன காளையும் பிறவிக் குறையும்

பெங்களூர் அல்சூர் பஜாரில் காலையில் வாங்கும் பால் பாக்கெட் எந்தப் பசுவுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சினை ஊசியில் பிறந்த பசுவாக இருந்தால், அதன் அப்பன் எந்தக் காளை என்று எண்ணோடு சொல்லிவிடலாம். அந்த எண் நல்லதையும் சொல்லும், கெட்டதையும் சொல்லும். காளை வழியாக மந்தைக்குள் நுழையும் பிறவிக் குறைகளைப் பற்றிச் சில துணுக்குகள்.

முதல் சினை ஊசி மைசூரில்
இந்தியாவில் செயற்கைமுறை கருவூட்டல் முதலில் நடந்தது மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில். ஆண்டு 1939. செய்தவர் சம்பத் குமாரன். நாட்டினமான ஹாலிகர் பசுக்களுக்கு அயலினமான ஹோல்ஸ்டீன் பிரீஷியன் காளையின் விந்தைச் செலுத்தினார்; 33 பசுக்கள் சினை பிடித்தன. நாட்டின் கலப்பினக் கதையில் இது முக்கியமான ஒரு முதல் அத்தியாயம்.

அல்சூருக்குத் தெற்கே காந்தி பார்த்த மாட்டுப் பண்ணை
அல்சூரிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே ஆடுகோடியில் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை இருக்கிறது. 1923-இல் மாட்டுப் பராமரிப்புக்கும் பால் தொழிலுக்குமான இம்பீரியல் நிலையமாகத் தொடங்கியது இதுதான். 1927-இல் உடம்பு தேற்றிக்கொள்ள பெங்களூரில் தங்கியிருந்த காந்தி, இங்கே வந்து மாடு வளர்ப்பைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஹெசரகட்டாவில் டென்மார்க்
பெங்களூரின் வடமேற்கே ஹெசரகட்டாவில் மத்திய உறைவிந்து உற்பத்தி, பயிற்சி நிலையம் உள்ளது. டென்மார்க்கின் உதவியோடு 1969-இல் அமைந்தது. விந்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்து கிடக்கும். மெல்லிய ஒரு குச்சியில் கால் மில்லி. அதற்குள் சுமார் 2 கோடி உயிரணுக்கள். குச்சியின் மேல் காளையின் எண் அச்சாகியிருக்கும்.

ஒரு காளை, ஒரு மாவட்டம்
ஊருக்குள் சுற்றும் பொலிகாளை ஆண்டில் சில பத்துக் கன்றுகளுக்கு அப்பனாகலாம். உறைவிந்து நிலையத்துக் காளையிடமிருந்து ஆண்டுக்குப் பல ஆயிரம் குச்சிகள் கிடைக்கும். காளை செத்த பிறகும் குச்சி வேலை செய்யும். நல்ல பால் மரபு ஊரெங்கும் பரவுவதும் இப்படித்தான், ஒளிந்திருக்கும் குறை பரவுவதும் இப்படித்தான்.

வெளியே தெரியாத குறை
ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. வீட்டுக்கு இரண்டு சாவி இருப்பதுபோல, ஒன்று தேய்ந்தாலும் மற்றது கதவைத் திறந்துவிடும். பழுதான பிரதி ஒன்றை மட்டும் வைத்திருக்கும் மாட்டை ‘கேரியர்’ என்கிறார்கள். நன்றாகத் தின்னும், நன்றாகக் கறக்கும், கண்காட்சியில் பரிசும் வாங்கும். பார்வையால் கண்டுபிடிக்கவே முடியாது.

கணக்கு இதுதான்
கேரியர் காளையும் கேரியர் பசுவும் சேர்ந்தால், பிறக்கும் கன்று நோயோடு பிறக்க 25 விழுக்காடு வாய்ப்பு. கேரியராகப் பிறக்க 50. முழுக்கச் சுத்தமாகப் பிறக்க 25. கேரியரோடு சுத்தமான மாட்டைச் சேர்த்தால் நோய்க் கன்று ஒன்றுகூடப் பிறக்காது. பாதிக் கன்றுகள் கேரியராக இருக்கும். பிறவிக் குறையைக் கட்டுப்படுத்தும் முறைகளெல்லாம் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

ஐவன்ஹோ விட்டுச் சென்றது
1952-இல் அமெரிக்காவில் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ பெரும்புகழ் பெற்ற ஹோல்ஸ்டீன் காளை. அதன் வழியாகப் பரவிய குறைக்கு ‘பிளாட்’ என்று பெயர். இந்தக் குறையோடு பிறந்த கன்றின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக இருக்கும். ஆனால் அவை ரத்தக் குழாயை விட்டு வெளியேறிக் காயத்துக்குப் போய்ச் சேராது. ஈறு வெந்து பல் ஆடும், புண் ஆறாது, சளி மாறி மாறி வரும். பெரும்பாலான கன்றுகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. 1992-இல் காரணம் பிடிபட்டது: மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்தச் சமயத்தில் சோதித்த அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளில் சுமார் 14 விழுக்காடு கேரியர்கள்.

இந்தியாவில் எத்தனை?
நம் நாட்டுப் பண்ணைகளிலும் காளை நிலையங்களிலும் மாடும் எருமையுமாக 1,250 கால்நடைகளைப் பரிசோதித்து 2007-இல் வெளிவந்த ஆய்வில் 13 பிளாட் கேரியர்கள் சிக்கின. எல்லாமே ஹோல்ஸ்டீன் அல்லது ஹோல்ஸ்டீன் கலப்பினம். சோதித்த எருமைகளில் ஒன்றிலும் இல்லை. குறை இங்கே தோன்றவில்லை. விந்தோடு விமானமேறி வந்தது.

5 லட்சம் கருச்சிதைவு, ஒரு காளை
1962-இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற காளைக்கு 16,000 மகள்கள். இன்றைய ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபுப் பொருளில் சுமார் 14 விழுக்காடு அதனுடையது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனிடம் ஒளிந்திருந்த பழுதான மரபணு, உலகெங்கும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட கருச்சிதைவுகளுக்குக் காரணமாயிற்று. நட்டம் சுமார் 42 கோடி டாலர். அதே காளையின் மரபால் கூடிய பாலின் மதிப்போ 3,000 கோடி டாலர். காளையைத் திட்டுவதா, கும்பிடுவதா?

பிறக்காத கன்று கொடுத்த துப்பு
சீஃபின் குறையை நோய்க் கன்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுப் பதிவுகளைக் கணினியில் அடுக்கிப் பார்த்தபோது, ஒரு குறிப்பிட்ட துண்டு பல மாடுகளில் ஒற்றைப் பிரதியாக இருந்தது. இரட்டைப் பிரதியாக உயிரோடு ஒரு மாடுகூட இல்லை. அப்படியானால் இரட்டையாகப் பெற்றவை வயிற்றிலேயே போய்விட்டன என்றுதானே பொருள்? 2011-இல் இந்த முறையில்தான் குற்றவாளித் துண்டுகள் அடையாளமாயின.

ஒரு காளை, இரண்டு குறை
ஐவன்ஹோவின் பேரன் கார்லின்-எம் ஐவன்ஹோ பெல், 1974-இல் பிறந்தது. தாத்தாவின் பிளாட் குறையோடு, முதுகெலும்பு கோணி, கழுத்து குறுகிக் கன்று செத்துப் பிறக்கும் ‘சிவிஎம்’ குறையையும் அது சுமந்தது. இந்த இரண்டாவது குறையை உலகுக்குச் சொன்னவர்கள் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள், 2001-இல். பெல்லின் வாரிசுகளோ அதற்குள் பல நாடுகளில் இருந்தன.

சுவரில் முட்டும் கன்று
‘சிட்ருலினீமியா’ கன்று பிறக்கும்போது பழுதில்லாமல் இருக்கும். எழுந்து நிற்கும், சீம்பால் குடிக்கும். இரண்டாம் நாள் சோர்வு. பிறகு இலக்கில்லாமல் நடந்து, தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்கும். கண் தெரியாது. ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவை உடம்பு வெளியேற்ற முடியாததுதான் காரணம். ஆஸ்திரேலியாவில் இக்குறை பரவியது லின்மேக் கிரிஸ் கிங் என்ற அமெரிக்கக் காளையின் விந்தால்.

சினை நிற்காததற்கு ஊசி காரணமா?
‘ஊசி போட்டும் சினை நிற்கவில்லை, மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது’ என்ற புலம்பலைக் கேட்காத மாட்டாஸ்பத்திரி இல்லை. தீவனக் குறைவு, கருப்பை நோய், நேரம் தப்பிய ஊசி என்று காரணம் பல. அரிதான ஒன்று ‘டம்ப்ஸ்’ என்ற மரபுக்குறை. பெற்றோர் இருவரும் கேரியராக இருந்து, கரு இரண்டு பழுதான பிரதியையும் பெற்றால் சுமார் 40 நாளில் கரைந்துவிடும். வளர்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது பசு மறுபடி கத்துவது மட்டும்தான்.

நான்கு சோதனை தாண்டினால்தான் காளை
நம் உறைவிந்து நிலையங்களுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச தர விதிகள் வகுத்திருக்கிறது. காசநோய், புருசெல்லோசிஸ் போன்ற தொற்றுகளைச் சோதிப்பதோடு நிற்காமல், ஹோல்ஸ்டீன் போன்ற அயலினக் காளைகளிலும் அவற்றின் கலப்பினங்களிலும் பிளாட், சிட்ருலினீமியா, டம்ப்ஸ், ரத்தம் உறையாத ‘ஃபேக்டர் 11’ குறை ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்கிறது. கடைசியாகச் சொன்ன குறையுள்ள கன்றுக்குக் கொம்பு சுட்டால் ரத்தம் எளிதில் நிற்காது. குரோமோசோம் பரிசோதனையும் கட்டாயம்.

குரோமோசோமில் என்ன பார்ப்பார்கள்?
மாட்டுக்கு 60 குரோமோசோம். சில மாடுகளில் 1-ஆம் எண்ணும் 29-ஆம் எண்ணும் ஒட்டிக்கொண்டு 59 ஆகிவிடும். 1964-இல் சுவீடன் மாடுகளில் இதைக் கண்டார்கள். இத்தகைய காளைக்கு உடம்பில் குறையே தெரியாது. ஆனால் அது சேர்ந்த பசுக்கள் சினை பிடிப்பது குறையும். இன்னொரு விஷயமும் இதில் தெரிந்துவிடும். திமில் மாட்டின் ஒய் குரோமோசோமின் வடிவம் வேறு, ஐரோப்பிய மாட்டினுடையது வேறு. ஒரு கலப்பினக் காளையின் ஆண் வழி எந்தப் பக்கம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இறைச்சி மாட்டில் நடந்த முதல் பெரிய கலவரம்
1940-களிலும் 50-களிலும் அமெரிக்கக் கண்காட்சிகளில் குட்டையாக, கட்டையாக இருக்கும் ஹெர்ஃபோர்டு மாடுகளுக்கே பரிசு. அந்த உருவத்தைத் தேடித் தேடிச் சேர்த்ததில், குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. வயிறு ஊதி, மூச்சு இரைந்து, வளராமல் செத்தன. அன்று மரபணுச் சோதனை இல்லை. நெற்றியின் வளைவை அளக்கும் கருவி ஒன்றைக்கூடச் செய்து பார்த்தார்கள். அது கேரியரைச் சரியாகக் காட்டவில்லை. கடைசியில் சந்தேகப்பட்ட வம்சங்களையே மொத்தமாக ஒதுக்கினார்கள். குற்றமற்ற மாடுகளும் அதோடு போயின.

அரை நூற்றாண்டு கழித்து
2008-இல் ஆங்கஸ் என்ற இறைச்சி இனத்தின் அமெரிக்க மந்தைகளில் கால் மடங்கி, முதுகு வளைந்து செத்துப் பிறக்கும் கன்றுகள் செய்தியாயின. வம்சாவளி போய் நின்ற இடம் ஜிஏஆர் பிரிசிஷன் 1680 என்ற புகழ்பெற்ற காளை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் பீவர் சில மாதங்களில் சோதனையை உருவாக்கினார். ஆங்கஸ் சங்கம் சோதனை முடிவை மாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே பதிவில் போட்டது. சுத்தமென்று தெரிந்த பேரப்பிள்ளைகள் மந்தையில் தங்கின. ஹெர்ஃபோர்டுக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

நியூசிலாந்து காட்டிய வழி
தலை நடுங்கி, நடை தள்ளாடி ஓராண்டுக்குள் சாகும் ‘மனோசிடோசிஸ்’ குறை, நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ஆங்கஸ் மாடுகளில் இருந்தது. மரபணுவைப் படிக்கத் தெரியாத 1970-களிலேயே, ரத்தத்தில் ஒரு நொதியின் அளவைப் பார்த்துக் கேரியரைப் பிரித்தார்கள். கேரியரிடம் அது சுமார் பாதிதான் இருக்கும். காளை விற்கும் மந்தைகளைச் சோதித்ததிலேயே குறை பெருமளவு அடங்கிவிட்டது. அடிப்பதென்றால் ஊற்றில் அடிக்க வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

ஓங்கோல் காளை, பிரேசில் இறைச்சி
பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி நெல்லூர் இனம். நம் ஆந்திரத்து ஓங்கோல்தான் அங்கே அந்தப் பெயரில் வாழ்கிறது. 1960-களின் தொடக்கத்தில் போன கர்வாடி உள்ளிட்ட சில காளைகளின் ரத்தம் அங்கே கோடிக்கணக்கான மாடுகளில் ஓடுகிறது. அமெரிக்காவில் உருவான பிராமன் இனத்திலும் ஓங்கோல், கிர், காங்ரேஜ், நம் கர்நாடகத்துக் கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகள் கலந்திருக்கின்றன. ஆஸ்திரேலிய பிராமன் கன்றுகளில் தசை தளர்ந்து ஓராண்டுக்குள் சாகும் ‘பாம்பே’ (Pompe) நோய் தெரியவந்தது. 2000-இல் அதற்கு மரபணுச் சோதனை வந்தது. அதே நோய் மனிதக் குழந்தைகளுக்கும் உண்டு. பிளாட், சிட்ருலினீமியாவுக்கும் மனித வடிவங்கள் இருக்கின்றன.

குறையே வியாபாரமானால்?
பெல்ஜியன் புளூ மாட்டின் தொடையும் முதுகும் பயில்வான்போல் திரண்டிருக்கும். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் ‘மயோஸ்டாட்டின்’ மரபணு உடைந்திருப்பதே காரணம் என்பது 1997-இல் தெரிந்தது. இறைச்சி அதிகம், ஆனால் கன்று பருத்திருப்பதால் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். வளர்ப்பவர்கள் தெரிந்தேதான் வைத்துக்கொண்டார்கள்.

ஜப்பான் மறைக்கவில்லை
விலை உயர்ந்த வாக்யூ இறைச்சி தரும் ஜப்பானியக் கறுப்பு மாட்டிலும் பல மரபுக்குறைகள் உண்டு. ஒன்றில் சிறுநீரகம் கெட்டு, குளம்பு நீண்டு வளரும். கேரியர் காளைகளின் விவரத்தை அங்கே வெளியிட்டுவிடுகிறார்கள். வாங்குபவர் தன் பசுவின் வம்சத்தைப் பார்த்துக் காளையைத் தேர்கிறார்.

நம் ஊரில் இறைச்சி மாடு இல்லையே?
கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி பசு, கன்று, காளை, எருது எதையும் வெட்டக் கூடாது; 13 வயது தாண்டிய எருமைக்கு மட்டும் அனுமதி உண்டு. ஆகவே அல்சூர்ப் பக்கம் இறைச்சிக்கென்று மாட்டினம் வளர்ப்பவர் இல்லை. ஆனால் மரபுக்குறைக்குப் பால் மாடு, உழவு மாடு, இறைச்சி மாடு என்ற பேதம் கிடையாது. சேர்க்கைக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

அக்காள் மகள் கணக்கு மாட்டுக்கும் உண்டு
அப்பன் காளையை மகள் கிடேரியோடு சேர்த்தால் பிறக்கும் கன்றின் உள்ளினக் கெழு, அதாவது ஒரே மூதாதையின் ஒரே பிரதி தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு, 25 விழுக்காடு. அப்பன் ஒன்று, தாய் வேறான அண்ணன் தங்கை என்றால் 12.5. நம் வீடுகளில் தாய்மாமன், அக்காள் மகளைக் கட்டினால் வருவதும் அதே 12.5தான். ஒளிந்திருக்கும் இரண்டு பழுதான பிரதிகள் சந்தித்துக்கொள்வது இப்படிப்பட்ட இடத்தில்தான். ஊர்ப் பொலிகாளையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும் என்பதால்.

மகள்களை வைத்தே சோதித்த காலம்
மரபணுச் சோதனை வருமுன் ஒரு காளையைச் சுத்தம் என்று சொல்ல, அதை அதன் சொந்த மகள்கள் 35 பேரோடு சேர்ப்பார்கள். 35 கன்றும் பழுதில்லாமல் பிறந்தால், ஒரு குறிப்பிட்ட குறையைச் சுமக்கவில்லை என்று 99 விழுக்காடு நம்பலாம். கேரியர் என்று தெரிந்த பசுக்கள் கிடைத்தால் 16 கன்று போதும். முடிவு வர ஆண்டுகள் ஆகும். இன்று சில மயிர் வேர்களோ, சில சொட்டு ரத்தமோ போதும்.

அமிர்த மஹாலின் சோதனை
மைசூர் அரசர்கள் வளர்த்து, திப்பு பெயர் சூட்டிய அமிர்த மஹால் மந்தை, 1860-களில் செலவை மிச்சப்படுத்த விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் தவறு புரிந்து மீண்டும் சேர்த்தார்கள். மந்தை இப்படிச் சுருங்கும்போது எஞ்சிய சில காளைகளின் குறைகளும் அடுத்த தலைமுறைகளில் பெருகும் அபாயம் உண்டு. எண்ணிக்கை குறைந்த ஹாலிகர், ஆலம்பாடி, பர்கூர் போன்ற நாட்டினங்களுக்கு நிறையக் காளைகள், தெளிவான வம்சப் பதிவு இரண்டும் மருந்து.

எல்லாம் பரம்பரை அல்ல
ஆண் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியில் 90 விழுக்காட்டுக்கு மேல் மலடு. இது பரம்பரைக் குறை இல்லை. வயிற்றில் இருவரின் ரத்தமும் கலந்ததன் விளைவு. தாய்க்கு வைட்டமின் ஏ குறைந்தால் கன்று குருடாகலாம். சினைக் காலத்தில் சில வைரஸ் தாக்கினால் கால் கோணலாம். ஒரு கன்றைப் பார்த்ததும் காளையைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. அதே காளையின் கன்றுகளில் அதே குறை திரும்ப வருகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சுழி சொல்லுமா?
சந்தையில் மாடு பிடிக்கும்போது சுழி பார்ப்பது வழக்கம். சுழி மயிரின் போக்கு. அதற்கும் மேலே சொன்ன குறைகளுக்கும் சம்பந்தமில்லை. நல்ல சுழி இருக்கும் மாடும் கேரியராக இருக்கலாம்.

கேரியரை ஒழித்துக்கட்ட வேண்டுமா?
வேண்டாம். கேரியர் பசு கறக்கலாம், ஈனலாம். சுத்தமான காளையின் விந்தைப் போட்டால் போதும். காளையிடம்தான் கண்டிப்பு வேண்டும், ஏனெனில் பசு வாழ்நாளில் பத்துக் கன்று போடும், காளை பல்லாயிரம் போடும். எந்த இனத்திலும் ஏதோ சில பழுதுகள் ஒளிந்தே இருக்கும். கேரியரையெல்லாம் வெட்டித் தள்ளினால் மாடே மிஞ்சாது.

காதில் தொங்கும் மஞ்சள் வில்லை
இன்று நம் நாட்டின் மாடுகளின் காதில் 12 இலக்க எண் உள்ள வில்லை தொங்குகிறது. சினை ஊசியையும் ஈற்றையும் அந்த எண்ணில் ஏற்ற முடியும். இந்திய மாடுகளுக்கென்று உருவான ‘கௌ சிப்’ என்ற மரபணுச் சிப்பும் எருமைகளுக்கான ‘மஹிஷ் சிப்’பும் 2024 அக்டோபரில் வந்தன. பதிவும் சிப்பும் சேர்ந்தால் நம் ஊர்க் குறைகளையும் நாமே கண்டுபிடிக்கலாம். பதிவு இல்லாமல் சிப்பு மட்டும் இருந்து பயனில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது
பெங்களூரிலோ ஊரிலோ மாடு வைத்திருப்பவரா? சினை ஊசி போட வருபவரிடம் குச்சியை வாங்கிக் காளை எண்ணைப் படித்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே காளையை அதன் மகளுக்குப் போட விடாதீர்கள். குறையோடு கன்று பிறந்தால் வெட்கப்பட்டுப் புதைத்துவிடாமல், படம் எடுத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, காளை எண்ணைச் சொல்லுங்கள். உங்கள் ஒரு கன்றைப் பற்றிய தகவல், அதே காளையின் விந்து அடுத்த கொட்டகைக்குப் போவதைத் தடுக்க உதவலாம்.